விரிவுரை போகட்டும், அறுவை மேசை இருக்கட்டும்

அன்புள்ள ஐயா,

என் மகள் மருத்துவம் முதலாண்டு படிக்கிறாள். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் எல்லாமே இணையக் காணொளிகளில்தான். வகுப்புக்குப் போவது வருகைப்பதிவுக்காக மட்டும். ‘நோயாளியைப் பார்க்கும் கட்டத்தில் கல்லூரிக்குப் போனால் போதாதா?’ என்கிறாள். என்ன சொல்வது?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

செல்கள் உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் கிரெப்ஸ் சுழற்சியைப் பெரிய அரங்கின் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்பதில் ஒரு புனிதமும் இல்லை. காணொளியை நிறுத்தலாம், புரியாத இடத்துக்குத் திரும்பலாம். விரிவுரைக்கு ஆள் வருவதில்லை என்று வருந்தும் பேராசிரியர்கள்மேல் எனக்குப் பெரிய இரக்கம் கிடையாது.

ஆனால் அடிப்படை அறிவியல் விரிவுரையோடு முடிவதில்லை. ஒரு காலத்தில் உடற்கூறியல் பேராசிரியர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து, பண்டைய கிரேக்க மருத்துவர் கேலனின் நூலை வாசிப்பார். கீழே வேறொருவர் உடலை அறுப்பார். இரண்டும் முரண்பட்டால் நூலே வெல்லும். பதினாறாம் நூற்றாண்டு உடற்கூறியலாளர் வெசாலியஸ் இறங்கி வந்து தானே கத்தியை எடுத்தார். கேலன் சொன்னதுபோல் மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனதில்லை, ஒன்றுதான் என்று 1543இல் வெளிவந்த அவரது நூல் காட்டியது. திரையை மட்டும் நம்பும் மாணவர் அந்தப் பழைய இருக்கைக்கே திரும்பிப் போகிறார். காணொளியில், காலுக்கு இறங்கும் சியாட்டிக் நரம்பு, பிட்டத்தில் உள்ள பைரிஃபார்மிஸ் தசைக்குக் கீழே ஒழுங்காக வெளிவரும். மேசையில் கிடக்கும் உடலிலோ, சில சமயம் அது இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை தசையைத் துளைத்துக்கொண்டு வரும். பக்கத்து மேசைக்காரர்களும் எட்டிப் பார்க்க வருவார்கள்!

உடலியங்கியலுக்கு வேண்டியது, எதிரே அமர்ந்து கேள்வி கேட்கும் ஓர் ஆள். இதயச் செயலிழப்பு உள்ளவருக்குப் படுத்தால் ஏன் மூச்சு முட்டுகிறது? காணொளி பார்த்தவர் ‘புரிந்துவிட்டது’ என்பார். சொல்லச் சொன்னால், கால்களிலிருந்து ரத்தம் கூடுதலாக இதயத்துக்குத் திரும்புகிறது என்பதோடு நின்றுவிடுவார். நுரையீரல் நுண்குழாய்களின் அழுத்தம்வரை அவரை இழுத்துச் செல்ல ‘அப்புறம்?’ என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்துப் பழகியவர்களே முந்தினார்கள்.

இந்தக் கேள்விகளைச் சிறு குழுவாக இணையத்திலும் கேட்கலாம், மறுக்கவில்லை. என் கவலையெல்லாம், விரிவுரை ஆன்லைனுக்குப் போனதும் மிச்சமாகும் ஆசிரியரின் நேரத்தைக் கல்லூரி மாணவருக்குத் தருமா, செலவுக் குறைப்பில் போட்டுக்கொள்ளுமா என்பதுதான்.

மகள் விரிவுரைகளைத் தவிர்க்கட்டும். உடல் அறுக்கும் கூடத்துக்கு மட்டும் ஒரு நாளும் மட்டம் போட வேண்டாம். வாரம் ஒருமுறை, பார்த்த காணொளி ஒன்றைப் படமில்லாமல் உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். நீங்கள் மருத்துவர் இல்லையென்றால் இன்னும் நல்லது, கலைச்சொற்களைப் போட்டு உங்களிடம் தப்பிக்க முடியாது.