கினிசியோலொஜி படித்தால் பிள்ளைக்கு என்ன வழி? – கேள்வி பதில்

ரொறன்ரோவில் இதயநோயாளருக்கு உடற்பயிற்சி கொடுக்கும் மையம் ஒன்றில் பதிவுபெற்ற கினிசியோலொஜிஸ்டாக வேலை செய்கிறேன். கினிசியோலொஜி, அதாவது உடல் அசைவையும் உடற்பயிற்சியையும் பற்றிய அறிவியல் படிப்பைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு ஒன்ராறியோ நிலைமையை வைத்துப் பதில் சொல்கிறேன்.

மகள் நாலு வருடம் கினிசியோலொஜி முடித்தால் பிசியோதெரபிஸ்ட் ஆகிவிடலாம்தானே? (ஒரு தகப்பன், மார்க்கம்)

இல்லை அண்ணை. பிசியோவுக்கு அதன்பிறகு இரண்டு வருட மாஸ்டர்ஸ் படிக்க வேண்டும். ரொறன்ரோ, மக்மாஸ்டர், வெஸ்டேர்ன், குயீன்ஸ் ஆகியவற்றில் ஆங்கிலத்தில் இருக்கிறது, ஒட்டாவாவில் பிரெஞ்சில். விண்ணப்பம் ‘ஓர்பாஸ்’ (ORPAS) என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாகப் போகும், போட்டி கடுமை. கடைசி இரண்டு வருடப் புள்ளிகளைத்தான் பெரிதாகப் பார்ப்பார்கள். அதனால் முதல் வருடம் சறுக்கினால் எல்லாம் போச்சு என்று பிள்ளையை வெருட்ட வேண்டாம்.

இன்னொன்று. உயிரியலோ உளவியலோ படித்தவர்களும், உடற்றொழிலியல், புள்ளிவிபரவியல் போன்ற தேவையான பாடங்களை எடுத்திருந்தால் பிசியோவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆகவே பிசியோ ஒன்றுக்காக மட்டும் மகளை இதில் சேர்க்காதீர்கள். “அங்கே இடம் கிடைக்காவிட்டாலும் இந்த வேலையை விரும்பிச் செய்வாயா?” என்று அவளிடமே கேளுங்கள்.

பட்டம் கையில் இருந்தால் கினிசியோலொஜிஸ்ட் என்று போர்டு போடலாமா அக்கா? (மூன்றாம் வருட மாணவன்)

போட முடியாது தம்பி. 2013 ஏப்ரலில் இருந்து ஒன்ராறியோவில் அது சட்டப் பாதுகாப்புள்ள பெயர். இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் ‘கொலிஜ்’ என்ற அமைப்பின் (படிப்பிக்கும் கல்லூரி அல்ல) சோதனை எழுதிப் பதிவு செய்தவர்கள்தான் பாவிக்கலாம். பதிவு செய்தாலும் நோயாளிக்கு “உங்களுக்கு இன்ன நோய்” என்று சொல்லும் அதிகாரம் நமக்கு இல்லை, அது மருத்துவர் சொல்ல வேண்டியது. அசைவை மதிப்பிடுவதும், பயிற்சியை வகுப்பதும், மீட்டுக் கொண்டுவருவதும்தான் நம் வேலை.

ஜிம்மில் ட்ரெயினர் செய்வதைத்தானே நீங்களும் செய்கிறீர்கள்? அதற்கு ஏன் நாலு வருடம்? (ஒரு அம்மா, ஸ்காபுறோ)

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும் அம்மா. பைபாஸ் செய்த 60 வயது ஐயா ஒருவர் ட்ரெட்மில்லில் நிற்கிறார் என்று வையுங்கள். 220-இல் வயதைக் கழித்தால் 160, அதுதான் இதயத்துடிப்பின் உச்சம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அவர் பீட்டா புளொக்கர் எடுக்கிறார். அந்தக் குளிசை துடிப்பை ஏறவிடாது. மணிக்கூட்டில் 105 என்று காட்டும், பார்க்கிறவர் “இன்னும் வேகமாக நடக்கலாம்” என்பார். ஐயாவுக்கோ ஏற்கனவே மூச்சு வாங்கும். அதனால் குளிசை போட்ட நிலையிலேயே ஸ்ட்ரெஸ் ரெஸ்ட் (உடலுக்கு வேலை கொடுத்து இதயத்தைப் பார்க்கும் சோதனை) எடுத்து, அதிலிருந்துதான் அவருக்கான அளவைக் குறிப்போம். கூடவே ‘போர்க்’ அளவுகோலில் 6 முதல் 20 வரை, எவ்வளவு களைப்பு என்று கேட்போம்.

நம்மவர்களிடம் கேட்டால் வரும் பதில் “பரவாயில்லை பிள்ளை”தான். கை கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கும், முகம் வேர்த்திருக்கும், ஆனாலும் பரவாயில்லை! நான் பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்பேன். ஒரு வசனத்தை முடிக்குமுன் மூச்சு எடுத்தால் வேகத்தைக் குறைத்துவிடுவேன்.

சீனி வருத்தம் உள்ளவர் என்றால் இன்னொரு கவனம் வேண்டும். வேலை செய்யும் தசை, இன்சுலின் உதவி இல்லாமலே இரத்தத்திலிருந்து சீனியை இழுத்துக்கொள்ளும். ஊசியும் போட்டிருந்தால் சீனி ஒரேயடியாக இறங்கலாம், சில மணிநேரம் கழித்து நித்திரையில்கூட இறங்கலாம். உடற்றொழிலியலை ஊன்றிப் படிக்காதவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

ஒரு காலத்தில் மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் கட்டிலை விட்டு எழும்ப விடமாட்டார்கள். இதே ரொறன்ரோவில் டொக்டர் டெரன்ஸ் கவனா தன் இதயநோயாளர் சிலரைப் பயிற்றி, 1973-இல் பொஸ்டன் மரதனுக்கே கூட்டிப்போனார். அவர் தொடங்கிவைத்த வேலையில் நானும் இருக்கிறேன் என்பதில் எனக்கு உண்மையிலேயே பெருமை.

பிரேதத்தை வெட்ட வேண்டி வருமா? எனக்குப் பயம். (12ஆம் வகுப்பு மாணவி)

பல்கலைக்கழகத்தைப் பொறுத்தது தங்கச்சி. சிலவற்றில் உடற்கூற்று ஆய்வுகூடத்தில் தானமாகக் கிடைத்த உடல்களை வைத்துப் படிப்பிப்பார்கள். பலவேளை ஏற்கனவே பிரித்து வைத்த பகுதிகளைப் பார்த்துப் படிப்பதுதான் இருக்கும். முதல் வகுப்பில் தலைசுற்றும் பிள்ளைகள் உண்டு, பெரும்பாலும் பழகிவிடும்.

வேலை கிடைக்குமா? (பலர்)

கிடைக்கும், ஆனால் தானாக வராது. இதய மறுவாழ்வு மையங்கள், வேலையில் காயப்பட்டவர்களைத் திரும்ப வேலைக்கு அனுப்பும் கிளினிக்குகள், வாகன விபத்துக் காப்புறுதி, தொழிற்சாலைகளில் எர்கோனொமிக்ஸ் (வேலையை உடலுக்கேற்ப அமைப்பது) என்று இடங்கள் உண்டு. தனியாக கிளினிக் போட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே ஓஹிப் (ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி) பணம் கட்டாது. வேலையிடக் காப்புறுதியிலும் எல்லாத் திட்டங்களும் கினிசியோலொஜியைச் சேர்ப்பதில்லை.

இப்போது 11ஆம் வகுப்பு. என்ன செய்து வைக்கலாம்? (ஒரு மாணவன், பிரம்டன்)

12-இல் உயிரியலும் அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ் என்ற கணிதப் பாடமும் கட்டாயம் எடு தம்பி. இரசாயனமும் பௌதிகமும் எடுத்தால் கூடுதல் கதவுகள் திறக்கும். கேட்கும் பாடங்கள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் பட்டியலையும் நேரே பார். பள்ளிக்கூடம் கேட்கும் 40 மணிநேரச் சமூகசேவையை ஒரு முதியோர் இல்லத்தில் செய். கதிரையிலிருந்து எழும்ப ஒரு பாட்டி எந்தக் கையை ஊன்றுகிறார், எந்தக் காலில் பாரம் போடுகிறார் என்று பார்த்துக் கொப்பியில் எழுதி வை. அப்படிப் பார்த்திருப்பது உனக்கு அலுப்படித்தால், ஜனவரியில் விண்ணப்பம் போடுமுன் வேறு துறையையும் யோசி.