பிராய்லர் கோழிகள் மூன்றாவது வாரத்தில் நொண்டுகின்றன. தண்ணீரில் கால்சியம் கலந்து கொடுத்தும் சரியாகவில்லை. ஏன்?

நொண்டி என்றதும் எங்கள் பல்லடம் பக்கமும் எல்லோரும் முதலில் தேடுவது கால்சியம் பாட்டிலைத்தான். விற்பவருக்கு லாபம். எலும்பு கெட்டிப்பட கால்சியத்தோடு பாஸ்பரஸும் வைட்டமின் டி3-யும் வேண்டும். குஞ்சுப் பருவத்துக்கான ஸ்டார்ட்டர் தீவனத்தில் கால்சியம் 1 சதவீதத்தை ஒட்டி இருந்தால், கோழிக்குச் செரிக்கும் பாஸ்பரஸ் அதில் பாதியளவு இருக்க வேண்டும். கால்சியத்தை மட்டும் ஏற்றினால் அது குடலில் பாஸ்பரஸையும் பிடித்துக்கொண்டு எச்சத்தோடு போய்விடும்.

மக்காச்சோளத்திலும் சோயா புண்ணாக்கிலும் பாஸ்பரஸ் இருக்கிறதே என்பீர்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட் என்ற சேர்மமாகக் கட்டுண்டு கிடக்கிறது. கோழியால் அதைச் சரியாக உடைக்க முடியாது. அதற்குத்தான் அதை உடைக்கும் ஃபைட்டேஸ் என்ற என்சைமும், செரிக்கும் பாஸ்பரஸ் தரும் டிசிபியும் (டைகால்சியம் பாஸ்பேட்). டிசிபி விலை ஏறினால் சொந்தமாகத் தீவனம் அரைப்பவர்கள் அதைக் குறைத்துவிட்டு, கால்சியம் மட்டும் தரும் மலிவான சுண்ணாம்புக்கல் தூளைக் கூட்டிவிடுவதும் உண்டு. பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் இன்னொரு வில்லன்: அந்தப் பூஞ்சையின் நஞ்சான அஃப்ளாடாக்சின் ஈரலைக் கெடுத்தால், டி3 போட்டும் அது உடம்பில் வேலைக்கு ஆகாது. ஷெட்டுக்குள் வெயிலும் கிடையாது, உடம்பே டி3 தயாரித்துக்கொள்ள வழியில்லை.

நொண்டும் கோழி ஒன்றை அறுத்துப் பாருங்கள். அலகை விரலால் அழுத்தினால் வளைகிறதா? லெக் பீஸ் எலும்பை இரண்டு கையாலும் ஒடியுங்கள். நல்ல எலும்பு படக்கென்று முறியும். ரப்பர் மாதிரி வளைந்தால் ரிக்கெட்ஸ், அதாவது எலும்பு கெட்டிப்படாத நோய். முழங்கால் பக்க முனையை நெடுக்காக வெட்டும்போது வெள்ளைக் குருத்தெலும்பு ஆப்பு அடித்ததுபோல் உள்ளே இறங்கியிருந்தால் அது டிபியல் டிஸ்காண்ட்ரோபிளாசியா. குருத்தெலும்பு எலும்பாக மாறாமல் நிற்கும் கோளாறு; வேகமான வளர்ச்சியும் அதற்கு ஒரு காரணம். தொடை எலும்பின் தலை கருத்து உதிர்ந்தால் பெரும்பாலும் பாக்டீரியா, தீவனத்தைத் திட்டிப் பயனில்லை. குதிகால் தசைநாண் பக்கவாட்டில் நழுவியிருந்தால் தீவனத்தில் மாங்கனீசு, வைட்டமின் போன்ற சத்தான கோலைன் குறைவா என்று பாருங்கள்.

ரிக்கெட்ஸ்தான் என்றால் மூட்டையிலிருந்து மாதிரி எடுத்து, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ரிசல்ட்டில் பொதுவாக மொத்தப் பாஸ்பரஸ்தான் வரும். டிசிபி எவ்வளவு, ஃபைட்டேஸ் உண்டா என்பதை அரைத்தவரிடம் கேட்டுச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கம்பெனிக் கோழி (குஞ்சும் தீவனமும் கம்பெனியே தருவது) என்றால் அந்த எலும்பையே கம்பெனி சூப்பர்வைசர் கையில் கொடுத்து ஒடிக்கச் சொல்லுங்கள், பேச்சு சீக்கிரம் முடியும். அதுவரை தண்ணீரில் டி3 கொடுக்கலாம். அளவை டாக்டர் சொல்லட்டும், மிஞ்சினால் சிறுநீரகம் கெடும். ஏற்கெனவே கால் கோணிப்போனவை நிமிராது, கழித்துவிடுங்கள்.