முட்டையை நிறுத்தியும் கொலஸ்ட்ரால் ஏன் ஏறியது?

கரூரிலிருந்து 43 வயது வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எட்டு மாதத்துக்கு முன் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 164 இருந்தது. டாக்டர் அடோர்வாஸ்டாடின் 20 எழுதினார். மூன்று மாதத்தில் 96-க்கு இறங்கியது, சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். முட்டை தொடுவதில்லை, எண்ணெய்கூட 'கொலஸ்ட்ரால் ஃப்ரீ'தான். இப்போது மறுபடி 160. டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பு) 240, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 38. சர்க்கரை, பிரஷர், சிகரெட் இல்லை. அப்பாவுக்கு 51 வயதில் மாரடைப்பு வந்தது. சாப்பாட்டில் எங்கே தப்பு? மாத்திரையை ஆயுசுக்கும் போட்டால் கிட்னி போய்விடும் என்கிறார்களே?"

அந்த 96 மாத்திரை வாங்கித் தந்த எண் சார். கண்ணாடி போட்டதும் எழுத்து தெரிகிறதே, இனி எதற்குக் கண்ணாடி என்று கழற்றி வைத்த கதைதான் இது. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள், அதனால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே தயாரித்துக்கொள்கிறது, அதில் கல்லீரலின் பங்கு பெரியது. நீங்கள் போட்ட அடோர்வாஸ்டாடின் போன்ற ஸ்டாடின் மாத்திரை அந்தத் தயாரிப்பை மட்டுப்படுத்தும். உள்ளே கையிருப்பு குறைந்ததும் கல்லீரல் தன் மேல்பரப்பில் கூடுதலாகக் கொக்கிகளை நீட்டி, ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். (இந்தக் கொக்கிகளைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது.) மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் பழைய கணக்குக்கே போய்விடும். உங்கள் 160 அப்படி வந்ததுதான்.

முட்டை பாவம். ஒரு மஞ்சள் கருவில் 200 மில்லிகிராம் அளவுக்குக் கொலஸ்ட்ரால் உண்டு என்பது உண்மை, ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அது ரத்தத்தில் எல்டிஎல்லை ஏற்றுவது கொஞ்சம்தான். அதைவிட அதிகம் ஏற்றுவது நிறைகொழுப்பு, அதாவது நெய், வெண்ணெய், பாமாயில், தேங்காய் எண்ணெய், ஆட்டுக் கொழுப்பு, பேக்கரி பஃப்ஸ். 'கொலஸ்ட்ரால் ஃப்ரீ' என்பது எந்தத் தாவர எண்ணெய்க்கும் பொருந்தும், ஏனென்றால் செடியிலிருந்து வருவதில் கொலஸ்ட்ரால் இருக்கவே இருக்காது. தேங்காய் எண்ணெயிலும் இல்லை, ஆனால் அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நிறைகொழுப்பு! பாட்டிலில் எழுதியிருப்பதைப் படிப்பதை விட்டுவிட்டு, வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் தீர்கிறது என்று கேளுங்கள். தலைக்கு அரை லிட்டர், மிஞ்சிப்போனால் முக்கால்.

எனக்கு உறுத்துவது அந்த 240-ம் 38-ம் தான். டிரைகிளிசரைடு ஏறி எச்டிஎல் இறங்கி நிற்கும் இந்த ஜோடி நம் ஊர் ஆட்களிடம் சர்வசாதாரணம், பெரும்பாலும் தொப்பையோடு சேர்ந்தே வரும், இதற்கும் முட்டைக்கும் சம்பந்தமே இல்லை. மதியம் குவித்துப் போட்ட சோறு, ராத்திரி ஐந்து இட்லி, நடுவில் சர்க்கரை போட்ட நாலு டீ, சாயங்காலம் ஒரு தட்டுவடை செட் என்று போகும் நாளின் கணக்கு அது. சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் சுண்டல், பயறு, கீரை, அவரைக்காய் வரட்டும். தினம் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். மது பற்றி நீங்கள் எழுதவில்லை, பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள். அடுத்த பரிசோதனையை 12 மணி நேரம் வெறும் வயிற்றில் கொடுங்கள், கூடவே டிஎஸ்எச்-சும் பாருங்கள், தைராய்டு மந்தமாக இருந்தாலும் கொலஸ்ட்ரால் ஏறும்.

சரி, சாப்பாட்டிலேயே சமாளிக்க முடியாதா? ஒழுங்காகக் கடைப்பிடித்தால் எல்டிஎல் பத்து, பதினைந்து சதவீதம் குறையலாம், அதாவது 160 என்பது 140 பக்கம் வரும். குடும்பத்தில் யாருக்கும் இதய நோய் இல்லாதவர் என்றால் ஆறு மாதம் முயன்று பாருங்கள் என்றே சொல்லியிருப்பேன். உங்கள் அப்பாவுக்கு 51-இல் வந்திருக்கிறது. 55-க்கு முன் வந்தால் அதைக் குடும்ப வரலாறாகவே எடுத்துக்கொள்கிறோம். அதனால் உங்களுக்கு மாத்திரையும் வேண்டும், பெரும்பாலும் நீண்ட காலத்துக்கு.

கிட்னி பயம் வேண்டாம், கிட்னி நோயாளிகளுக்கே ஸ்டாடின் கொடுக்கிறோம். உண்மையான பக்கவிளைவுகள் வேறு. சிலருக்குத் தசைவலி வரும், சிலருக்கு கல்லீரல் என்சைம் கொஞ்சம் ஏறும், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பவருக்கு அது லேசாகக் கூடலாம். கடுமையான தசைவலியோடு சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனால் மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். வேறு எதற்காவது கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் எழுதினால், ஸ்டாடின் போடுகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் டாக்டரைப் பார்த்து மறுபடி ஆரம்பியுங்கள், ஆறு முதல் எட்டு வாரத்தில் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். அப்புறம், அண்ணன், தம்பி, அக்கா, தங்கை யார் இருந்தாலும் அவர்களையும் கூட்டிப் போய் லிப்பிட் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள், அதே அப்பாவின் பிள்ளைகள்தானே.