மகள் ஆம்புலன்ஸ் வேலைக்குப் போகிறேன் என்கிறாள்: நியூயார்க் அப்பா ஒருவருக்குப் பதில்

வணக்கம் சார். பௌன் தெரு பிள்ளையார் கோவில் கேன்டீன் வரிசையில் நீங்கள் கேட்டதற்கு அங்கேயே பதில் சொல்ல முடியவில்லை, பின்னால் நின்றவர்கள் தோசைக்கு அவசரப்பட்டார்கள். டாக்டருக்குப் படிப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்த மகள், இப்போது கல்லூரியை ஒரு வருஷம் நிறுத்திவிட்டு நியூயார்க் தீயணைப்புத் துறையின் ஆம்புலன்ஸில் சேரப்போகிறேன் என்கிறாள். தீயை அணைக்கிற இடத்தில் இவளுக்கு என்ன வேலை என்றீர்கள்.

அந்தத் துறைக்கு இன்று தீயைவிட மருத்துவ அழைப்புகள்தான் பல மடங்கு அதிகம், சார். முன்பு நகர அரசின் மருத்துவமனைக் கழகம் நடத்திக்கொண்டிருந்த ஆம்புலன்ஸ் சேவையை 1996 மார்ச்சில் தீயணைப்புத் துறையோடு சேர்த்தார்கள். பேட்டைக்குப் பேட்டை தீயணைப்பு நிலையம் இருக்கிறது, இதயம் நின்றுபோன ஒருவருக்கு நிமிஷக் கணக்குதான் வாழ்வா சாவா என்கிறபோது, பக்கத்தில் இருக்கும் ஃபயர் எஞ்சினை முதலில் அனுப்புவதில் நியாயம் இருக்கிறது. அதனால் மாரடைப்பு என்று அவசர எண் 911-க்குக் கூப்பிட்டால், பல நேரம் ஆக்சிஜனும் ஷாக் கொடுக்கும் கருவியுமாகத் தீயணைப்பு வீரர்கள் முதலில் வந்து நிற்பார்கள், பின்னாலேயே ஆம்புலன்ஸ். அது தனியார் மருத்துவமனையின் வண்டியாகவும் இருக்கலாம், துறையின் வண்டியையும் அதையும் அனுப்புவது ஒரே கட்டுப்பாட்டு அறைதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

சரி, அவள் என்ன செய்வாள்? தீயணைப்பு வீரர்களுக்கு நிலையத்தில் சமையலறை உண்டு, அழைப்பு வரும்வரை அங்கே இருக்கலாம். ஆம்புலன்ஸ்காரர்களுக்குப் பெரும்பாலும் தெருமுனைதான். குறிப்பிட்ட சந்திப்பில் வண்டியை நிறுத்திக்கொண்டு, முன்சீட்டிலேயே சாப்பிட்டு, யார் வீட்டுக் கழிவறையைக் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்புறம் லிஃப்ட் இல்லாத ஐந்தாம் மாடி. கனமான நோயாளியை மடக்கு நாற்காலியில் கட்டி, ஒருவர் தலைப்பக்கம் ஒருவர் கால்பக்கம் பிடித்து, குறுகலான படியில் ஒவ்வொரு படியாக இறக்குவார்கள். இந்த வேலையில் முதலில் போவது முதுகுதான். வழக்கமாக நாளுக்கு 4,000 வாக்கில் வரும் மருத்துவ அழைப்புகள் கொரோனா பரவிய 2020 மார்ச் கடைசியில் 6,000-ஐத் தாண்டியபோது அத்தனை பேரையும் போய்ப் பார்த்தவர்கள் இவர்கள்தான்.

ஆபத்து இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். 2017-இல் பிராங்க்ஸில் யாடிரா அரோயோ என்ற ஊழியரை, அவருடைய ஆம்புலன்ஸையே பறித்துக்கொண்டு ஓட்டியவன் ஏற்றிக் கொன்றான். 2022-இல் அஸ்டோரியாவில் அலிசன் ருசோ தன் நிலையத்துக்கு அருகிலேயே குத்திக் கொல்லப்பட்டார், ஓய்வு பெறும் நிலையில் இருந்தவர். தினமும் நடப்பதல்ல, ஆனாலும் மகளுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

பணம் வேறு கதை. ஒரே துறைதான், சட்டையில் ஒரே சின்னம்தான், ஆனால் ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால் தீயணைப்பு வீரரின் சம்பளத்துக்கும் இஎம்டி என்கிற அடிப்படை நிலை ஆம்புலன்ஸ் ஊழியரின் சம்பளத்துக்கும் ஆண்டுக்குப் பல்லாயிரம் டாலர் இடைவெளி. அதனால்தான் துறைக்குள் இருப்பவர்களுக்கென்று நடக்கும் தனித் தேர்வை எழுதி ஆம்புலன்ஸிலிருந்து ஃபயர் எஞ்சினுக்குத் தாவுகிறவர்கள் அதிகம். உயிரைக் காப்பாற்றுகிறவனுக்குக் கம்மி, இது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை.

இனி நான் சொல்ல வந்தது. மருத்துவக் கல்லூரிகள் நோயாளிகளோடு பழகிய அனுபவத்தை மதிக்கின்றன, உண்மை. ஆனால் விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதுவதற்காக மட்டும் தீயணைப்புத் துறையில் சேர வேண்டாம். அது முழுநேர நகர அரசு வேலை. இரவு ஷிஃப்ட், கட்டாய ஓவர்டைம் எல்லாம் வரும், நடுவில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி படிக்க முடியாது. இந்த வேலையே பிடித்து, இஎம்டிக்கு மேல்படியான பாராமெடிக் ஆகவேண்டும் என்று சேர்ந்தால் அது வேறு. பாராமெடிக் படிப்பு ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டும், பொறுப்பும் சம்பளமும் கூடும். அப்படியானால் தடுக்காதீர்கள். துறையின் பயிற்சிக்கூடம்கூட உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை, பேசைடு பக்கம் ஃபோர்ட் டாட்டனில் இருக்கிறது.

எதுவானாலும் முதல் படி ஒன்றுதான். கல்லூரியை நிறுத்தாமல், மாலை வகுப்பிலோ கோடை விடுமுறையிலோ இஎம்டி கோர்ஸ் முடிக்கட்டும். 150 மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். மாநிலத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கியபின் தன்னார்வ ஆம்புலன்ஸ் குழுவிலோ, மருத்துவமனை ஆம்புலன்ஸில் பகுதி நேரமாகவோ வாரம் ஒரு ஷிஃப்ட் போகலாம். மருத்துவமனை வண்டிக்கும் அதே 911 அழைப்புகள்தான் வரும் என்று சொன்னேனே, அதே தெருக்கள், அதே படிக்கட்டுகள். நாலு மாதம் போனபின் அவளுக்கே தெரிந்துவிடும்.

அந்தக் கோர்ஸிலேயே நோயாளிகளை நேரில் பார்க்கும் நேரமும் உண்டு. முதல் நாள் அப்படிப் போய்விட்டு வருகிற இரவு மட்டும் நீங்கள் தூங்கிவிடாதீர்கள், சார். சாப்பாட்டைச் சூடு பண்ணி வைத்துவிட்டு உட்கார்ந்திருங்கள், அவளாகப் பேசினால் பேசட்டும்.