ஒரு ரேடியேட்டர் மட்டும் சூடாகவில்லை. தெர்மோஸ்டாட் வால்வை நானே மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் உங்களுக்கு மாற்ற வேண்டியே இருக்காது என்று நினைக்கிறேன். பாய்லரின் வெந்நீர் ஓடி வீட்டைச் சூடாக்கும் மற்ற ரேடியேட்டர் எல்லாம் சுடுகிறது, படுக்கையறையில் இருப்பது மட்டும் சில்லென்று கிடக்கிறது, வால்வை முழுச் சூடான 5-இல் திருப்பி வைத்தும் பயனில்லை என்கிறீர்கள். அதுவும் கோடை முடிந்து ஹீட்டிங்கை முதன்முதலாகப் போட்ட வாரத்தில். இதே கூத்து எங்கள் லண்டன் வீட்டிலும் நடந்தது.

எங்கள் வீட்டில் இதைக் கண்டுபிடித்தது இட்லி மாவு. இந்த ஊர்க் குளிரில் மாவு புளிக்க வேண்டுமென்றால் இரவில் ரேடியேட்டர் பக்கத்தில் பாத்திரத்தை வைப்போம். ஒரு நாள் காலையில் மாவு வைத்தது வைத்தபடி இருந்தது. உளுந்து சரியில்லை என்று மனைவி கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தபோதுதான் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ். அன்றே 15 பவுண்டு கொடுத்து வால்வின் மேல் திருகும் புதுத் தலை ஒன்றை வாங்கி வந்து மாட்டினேன். ஒன்றும் மாறவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் செலவழித்த காசு.

எண் போட்ட அந்தத் திருகுத் தலைக்குள் மெழுகோ திரவமோ அடைத்த சின்னக் குப்பி ஒன்று இருக்கிறது. அறை சூடானால் அது விரிந்து, வால்விலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் உலோக ஊசியை அமுக்கும். வெந்நீர் வரும் வழி அடைபடும். அறை குளிர்ந்தால் குப்பி சுருங்கும். வால்வுக்குள் இருக்கும் ஸ்பிரிங் ஊசியை மேலே தள்ளி வழியைத் திறக்கும். வயர் இல்லை, பேட்டரி இல்லை. 1943-இல் டென்மார்க்கின் மேட்ஸ் கிளவுசன் உருவாக்கிய சங்கதி, அடிப்படை இன்றும் அதேதான்.

கோடையில் நாம் என்ன செய்கிறோம்? எல்லாத் தலைகளையும் மூடி வைக்கிறோம். ஐந்தாறு மாதம் அமுங்கியே கிடக்கும் ஊசி அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. அக்டோபரில் நீங்கள் தலையைத் திறக்கிறீர்கள், தலையும் விலகிக்கொள்கிறது, ஆனால் ஊசி எழும்ப மறுக்கிறது. உங்கள் வீட்டில் இதுதானா என்று பார்க்க, ஹீட்டிங் ஓடும்போது வால்வுக்கு வரும் குழாயைத் தொட்டுப் பாருங்கள். குழாய் சுட்டு, ரேடியேட்டர் முழுக்கச் சில்லென்று இருந்தால் பெரும்பாலும் ஊசிதான். மேல்பாதி மட்டும் குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது, மேல் மூலையில் இருக்கும் சின்னத் திருகைச் சாவியால் திறந்து வெளியேற்றினால் போதும். அடிப்பகுதி மட்டும் குளிர்ந்தால் கசடு. அது வேறு கதை.

ஊசியை விடுவிக்க ஐந்து நிமிடம் போதும். முதலில் தலையை 5-க்குத் திருப்புங்கள். இல்லையென்றால் கழற்றும்போது அழுத்தம் தடுக்கும். அப்புறம் அடியில் இருக்கும் வளையத்தை இடப்பக்கமாகத் திருகினால் தலை கையோடு வந்துவிடும். சில மாடல்களில் சின்ன அலன் கீ, அதாவது ஆறு பக்கச் சாவி, தேவைப்படும். தண்ணீர் வராது, பயப்பட வேண்டாம். ஊசி தெரியும். ஸ்பானரின் தட்டையான பக்கத்தை அதன் மேல் வைத்து அமுக்கி விடுங்கள். சில மில்லிமீட்டர் உள்ளே போய்த் தானாக எழும்ப வேண்டும். எழும்பவில்லையா, வால்வின் பக்கவாட்டில் ஸ்பானர் பிடியால் மெதுவாகத் தட்டுங்கள், ஒரு சொட்டு சிலிக்கோன் எண்ணெய் விடுங்கள், மறுபடி அமுக்குங்கள். பொறுமையாக இருபது முப்பது தடவை.

குறடு மட்டும் எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். ஊசியைப் பிடித்து மேலே இழுத்தேன். அதுவும் வந்தது, கூடவே அதைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் கிழிந்து தண்ணீரும் வந்தது. இரவு முழுக்கச் சோற்றுப் பானையை அடியில் வைத்துவிட்டு, காலையில் பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் முழு வால்வையும் மாற்றிவிட்டு 120 பவுண்டு வாங்கிக்கொண்டார். பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் பார்த்ததால், அடுத்த வருடம் ஹாலில் ஒழுகிய வால்வை நானே மாற்றினேன்.

முழு வால்வையும் மாற்றுவதென்றால் சிஸ்டத்தில் உள்ள தண்ணீரை வடிக்க வேண்டும். பாய்லரை அணைத்து நன்றாக ஆறவிட்டு, கீழ்த்தளத்தில் இருக்கும் வடிகால் குழாயில் ஹோஸ் மாட்டி வெளியே விடுங்கள். மாடி ரேடியேட்டர்களின் காற்றுத் திருகைத் திறந்தால்தான் தண்ணீர் இறங்கும். வருவது மை போலக் கறுப்பாக இருக்கும், இரும்புத் துரு. எங்கள் கார்ப்பெட்டில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறை இன்னும் இருக்கிறது, அதன் மேல் ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறோம். ஆகவே வீட்டில் உள்ள பழைய துண்டையெல்லாம் விரித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

நட்டைக் கழற்றும்போது ஒரு ஸ்பானரால் வால்வு உடலை அசையாமல் பிடித்து, இன்னொன்றால் திருக வேண்டும். இல்லையென்றால் தாமிரக் குழாய் வளைந்துவிடும். ரேடியேட்டருக்குள் போகும் மரைக்கு டெஃப்லான் டேப்பை இறுக்கும் திசையிலேயே, பத்துச் சுற்றுக்கு மேல் தாராளமாகச் சுற்றுங்கள். புது வால்வின் உடலில் அம்புக்குறி இருந்தால் தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்து மாட்டுங்கள். தப்பாக மாட்டினால் ராத்திரி யாரோ கதவைத் தட்டுவது போலச் சத்தம் கேட்கும். காம்பி பாய்லர் (தொட்டியில்லாமல் ஹீட்டிங்கையும் குழாய் வெந்நீரையும் சேர்த்துத் தருவது) என்றால் மறுபடி நிரப்பும்போது அழுத்தம் 1-க்கும் 1.5 பாருக்கும் இடையில் இருக்கட்டும். துருத்தடுப்புத் திரவத்தையும் மறக்காமல் ஊற்றுங்கள், பழையது வடித்த தண்ணீரோடு போயிருக்கும். ஆனால் பாய்லர் மூடியைத் திறக்காதீர்கள். இங்கிலாந்தில் கேஸ் வேலைக்கு கேஸ் சேஃப் என்ற பட்டியலில் பதிவு உள்ளவர்தான் வர வேண்டும்.

தலையை மட்டும் மாற்ற வேண்டிய நேரமும் உண்டு. 1-இல் வைத்தும் ரேடியேட்டர் கொதிக்கிறது, ஆனால் தலையைக் கழற்றி ஊசியைக் கையால் அமுக்கிப் பிடித்தால் ஆறுகிறது என்றால், குற்றவாளி தலை. பழையதைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள்; மரை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றல்ல.

இன்னொன்று. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, துவைத்த இட்லித் துணியைத் தினமும் அந்தத் தலையின் மேலேயே காயப்போட்டார். துணிக்குள் தேங்கிய சூட்டை அறையின் சூடென்று நினைத்துக்கொண்டு வால்வு மூடிக்கொள்ளும், அம்மா ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பார். நீளத் திரைச்சீலையும் சோபாவும் இதையேதான் செய்யும். உங்கள் படுக்கையறையில் முதலில் அதைப் பாருங்கள்.

வாடகை வீடு என்றால் மேலே சொன்னதில் ஊசியை அமுக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஹீட்டிங்கைச் சரிசெய்து தருவது வீட்டுக்காரரின் பொறுப்பு. இங்கிலாந்தின் 1985-ஆம் ஆண்டு வீட்டுக்காரர்-வாடகைதாரர் சட்டத்தின் 11-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஒரு ஈமெயில் போட்டு வையுங்கள். அடுத்த மே மாதம் ஹீட்டிங்கை நிறுத்தும்போது தலைகளை 5-இல் திறந்தே விட்டுவிடுங்கள். பாய்லர் ஓடாதபோது அது எதில் இருந்தால் என்ன?