‘ஜப்பான் இன்ஜின் சார்’ என்றால் எதைப் பார்ப்பது?

கேள்வி: ராயபுரத்தில் இருக்கிறேன். 11 லட்ச ரூபாய் காருக்கு அட்வான்ஸ் கட்டப்போகிறேன். ‘இன்ஜின் ஜப்பான்லேர்ந்து அப்படியே வருது சார்’ என்கிறார் ஷோரூம் பையன். அமெரிக்காவில் இருக்கும் தம்பியோ, அங்கே எந்த நாட்டுப் பாகம் என்று கார்க் கண்ணாடியிலேயே ஒட்டியிருக்கும் என்கிறான். இங்கே அதை எங்கே பார்ப்பது?

பதில்: தம்பி சொல்வது உண்மை. 1992-இல் போட்ட சட்டப்படி 1994 அக்டோபரிலிருந்து அங்கே அந்தச் சீட்டு உண்டு. காரின் பாகங்களை எந்த ஊரில் பூட்டினார்கள், இன்ஜினும் கியர்பாக்ஸும் எந்த நாடு, அமெரிக்க-கனடா பாகங்கள் எத்தனை சதவீதம் என்றெல்லாம் அதில் இருக்கும். ஆனால் அந்தச் சதவீதம் அந்த மாடல் முழுவதுக்குமான சராசரி. கண்ணெதிரே நிற்கும் காரின் கணக்கு அல்ல. கனடாவும் அமெரிக்காவும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடும்.

நம் ஷோரூமில் அப்படிச் சீட்டு கிடைக்காது. கையில் இருப்பது 17 இலக்கச் சேசிஸ் நம்பர். முதல் மூன்று எழுத்து எம்ஏ3 என்றால் மாருதி சுசுகி, எம்ஏஎல் ஹூண்டாய், எம்ஏடி (MAT) டாடா. மூன்றுமே இந்தியக் குறியீடுகள். ஜே-யில் தொடங்கினால் ஜப்பான், கே என்றால் கொரியா. இது உற்பத்தியாளருக்குக் கொடுத்த குறியீடு, அவ்வளவே. இன்ஜின் எங்கே வார்த்தது என்று சொல்லாது. முழு இறக்குமதிக் கார் என்று சொல்லி விற்றால், சுங்கத்துறையின் ‘பில் ஆஃப் என்ட்ரி’ நகலைக் கேளுங்கள். மற்றபடி, ‘ஜப்பான் இன்ஜின்’ என்பதைக் கொட்டேஷனில் எழுதித் தரச் சொல்லுங்கள். பேனா எடுக்கத் தயங்கினால் அந்தப் பேச்சுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தராதீர்கள். ஜப்பான்காரர்களே இங்கே செய்த காரை ஓட்டுகிறார்கள்: குஜராத்தில் தயாரான மாருதி சுசுகியின் ஃபிராங்க்ஸ் கார் 2024-இல் ஜப்பானுக்குக் கப்பலேறியது.

உங்கள் பையைத் தொடும் கேள்வி வேறு: உதிரிப்பாகம் எங்கிருந்து வருகிறது? விற்பனை மேசையை விட்டுவிட்டு சர்வீஸ் கவுன்டருக்குப் போய், முன் கண்ணாடி, ஹெட்லைட், முன் பம்பர் மூன்றும் ஸ்டாக்கில் உண்டா, ஆர்டர் போட்டால் எத்தனை நாள், விலை என்ன என்று கேளுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் டிரெய்லருக்குப் பின்னால் போகிறவருக்குக் கண்ணாடியில் கல் அடிப்பது புதிதல்ல. முன் கண்ணாடியில் கேமரா பொருத்திய மாடலில் கண்ணாடியை மாற்றினால் கேமராவை மறுபடி சீரமைக்க வேண்டும். அந்தச் செலவையும் இன்சூரன்ஸ் ஏற்குமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: வாங்கிய பிறகு சொன்னது பொய் என்று தெரிந்தால்?

பதில்: முதலில் டீலருக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் அங்கேயே வழக்குப் போடலாம், கெடு இரண்டு ஆண்டு. 11 லட்ச ரூபாய் காருக்குக் கட்டணம் 400 ரூபாய். கொட்டேஷனையும் ஷோரூம் வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாதீர்கள்.