கார்டைத் திருப்பிப் பார்த்தீர்களா? – கடிதமும் பதிலும்

வணக்கம்,

ஃபிலடெல்ஃபியாவுக்கு வெளியே பத்து வருடமாக இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் தபால் இலாகாவில் இருந்து ஓய்வுபெற்றவர். போன மாதம் பழைய பேஸ்பால் கார்டு ஷோ ஒன்றுக்கு என்னைக் கூட்டிப்போனார். மூன்று மணி நேரமும் அவரும் அவர் வயதுக்காரர்களும் எழுபதுகளில் வில்லோ குரோவில் ஒரு மோட்டார் லாட்ஜில் நடந்த ஷோக்களைப் பற்றியே பேசினார்கள். ஒருவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நம்மூர் தீப்பெட்டிப் படம் போலத்தானே இதுவும்? வெறும் சின்ன வயசு ஏக்கமா, இல்லை வேறு ஏதாவது உண்டா? கோடையில் நாடு முழுவதுமிருந்து சேகரிப்பாளர்கள் கூடும் நேஷனல் ஷோவுக்கு, சிகாகோ பக்கத்து ரோஸ்மாண்ட் வரை போவது பிரயோஜனமா? இதெல்லாம் முதலீடாகத் தேறுமா?

நானும் ஒரு டி-206, சிகரெட் பெட்டியில் வந்த பழைய கார்டு, வாங்கினேன், 90 டாலர். ஆரஞ்சுப் பின்னணி, ஆட்டக்காரர் மார்பளவுப் படம், மூலைகள் மழுங்கியிருக்கின்றன, நடுவில் லேசான மடிப்பு. பிளாஸ்டிக் பெட்டியில் அடைக்காதது. வீட்டில் அளந்தால் இருக்க வேண்டிய அளவைவிட 1/16 அங்குலம் குறைகிறது. ஆபீஸ் நண்பர், "ஓரத்தை வெட்டியிருக்கிறான், ஏமாந்துவிட்டாய்" என்கிறார். டீலரிடம் போனில் பேசும்போது சண்டையாகிவிட்டது.

ரா.

அன்புள்ள ரா.,

உங்கள் கடிதத்தில் அந்தக் கார்டின் முன்பக்கம் முழுசாக இருக்கிறது. பின்னணி நிறம், மூலை, மடிப்பு, விலை, நண்பரின் தீர்ப்பு. பின்பக்கத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. கார்டைத் திருப்பிப் பார்த்தீர்களா? பார்க்காமலேயே ஒரு வியாபாரியிடம் போனில் சண்டை போட்டீர்களா? நான் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்த விஷயமும் இந்தப் பின்பக்கம்தான். அதனால்தான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

முதலீடு பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அதைப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தீப்பெட்டிப் படத்தையும் விட்டுவிடுங்கள். எதைக் கண்டாலும் ஊரில் அதற்கொரு ஜோடி தேடுகிற பழக்கம் நமக்கு உண்டு. அது எதிரே இருப்பதைப் பார்க்க விடாது.

பெரியவர்கள் கண்கலங்குவது சின்ன வயசு ஏக்கம் என்கிறீர்கள். கொஞ்சம் கணக்குப் போடுங்கள். அவர்கள் சொல்வது எழுபதுகளின் ஷோக்களை. அப்போது அவர்களுக்கு இருபத்தைந்து, முப்பது வயது. சம்பளம் வாங்குகிறவர்கள், சிலர் கைக்குழந்தைக்காரர்கள். பத்து வயதில் சேர்த்த ஷூ பெட்டியை அம்மா குப்பையில் கொட்டிய கதை எந்த மேசையிலும் கேட்கக் கிடைக்கும், அது வேறு. இவர்கள் ஏங்குவது, எதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்த நாட்களுக்காக. பெக்கெட்டின் விலைப் புத்தகம் வந்ததே 1979-ல். அதுவரை எந்தக் கார்டு அரிது என்பது தெரிந்தவன் தலைக்குள்தான் இருந்தது. பகலில் மேசை, இரவில் லாட்ஜ் அறைக் கட்டிலின்மேல் கார்டுகளைப் பரப்பிப் பண்டமாற்று. தெரிந்துகொள்ள வேண்டுமானால் அந்த அறைக்குள் இருக்க வேண்டும்.

அங்கே அவர்கள் பார்த்தது பெரும்பாலும் பின்பக்கத்தை. சூயிங்கம் கம்பெனியான டாப்ஸ் போட்ட கார்டுகளின் எண் பின்னால் இருக்கிறது. செட் நிரப்புகிறவனுக்கு, அதாவது ஒரு வருடத்துக் கார்டு எல்லாவற்றையும் சேர்க்கிறவனுக்கு, முகம் வேண்டாம், எண் வேண்டும். இன்றைக்கும் அரங்கின் கண்ணாடிப் பேழைகளைத் தாண்டிப் பின்வரிசைக்குப் போனால், 800 கார்டு கொள்ளும் நீள வெள்ளை அட்டைப்பெட்டிகளின்மேல் குனிந்து நாலைந்து பேர் இருப்பார்கள். அவர்கள் கையைப் பாருங்கள். ஐம்பது கார்டை ஒரு கத்தையாக எடுத்து, பின்பக்கம் தங்களைப் பார்க்க இடது உள்ளங்கையில் நிறுத்தி, வலது கட்டைவிரலால் மேல்விளிம்பின் நடுப்பகுதியை மட்டும் தள்ளிக்கொண்டே போவார்கள். மூலையைத் தொட மாட்டார்கள். மூலையைச் சொடுக்கினால் மூலை போயிற்று. மேசைமேல் தேவைப்பட்டியல் கிடக்கும். எண்கள் ஏறுவரிசையில், கிடைத்தது பென்சிலால் அடிக்கப்பட்டு.

அந்தப் பட்டியலில் கடைசிவரை அடிபடாமல் நிற்பவை உயர் எண்கள். 1973 வரை டாப்ஸ் ஒரு வருடத்து செட்டை ஒரே தடவையில் வெளியிடவில்லை. தொடர் தொடராக விட்டது. கடைசித் தொடர் கடைக்கு வரும்போது கோடை முடிந்திருக்கும், பையன்கள் ஃபுட்பால் பக்கம் போயிருப்பார்கள், கடைக்காரர்கள் குறைவாகத்தான் வாங்குவார்கள். 1967-ல் 534 முதல் 609 வரை அப்படி. பின்னாளில் நட்சத்திரமான டாம் சீவரின் முதல் கார்டு 581, அதற்குள் மாட்டிக்கொண்டது. 1952-ல் 311 முதல் 407 வரை. மிச்சம் கிடந்த 1952 பெட்டிகளை 1960-ல் படகில் ஏற்றிக்கொண்டுபோய் அட்லாண்டிக்கில் கொட்டினார்கள் என்பார்கள். 311 பேஸ்பால் நட்சத்திரம் மிக்கி மேன்டில். வேடிக்கை என்னவென்றால் அது தன் தொடரிலேயே அரிதானது அல்ல. 312-ம் 313-ம் போல அதுவும் அச்சுத்தாளில் இரண்டு தடவை வருகிறது. பின்பக்கத்து எண்ணைச் சுற்றியிருக்கும் பந்தின் தையல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை வைத்து இரண்டையும் பிரிப்பார்கள். அதே செட்டின் முதல் 80 கார்டுகள் கறுப்புப் பின்பக்கத்தோடும் உண்டு, சிவப்போடும் உண்டு. முன்னால் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

இப்போது உங்கள் டி-206. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பெட்டிகளில் போட்ட கார்டு. அதில் எண்ணே கிடையாது. பின்னால் இருப்பது சிகரெட் விளம்பரம். பீட்மான்ட், ஸ்வீட் கேபரல் என்றால் சாதாரணம். சாவரின், ஓல்ட் மில், போலார் பேர் அடுத்தது. டிரம், உஸிட், லெனாக்ஸ், பிராட்லீஃப் என்றால் உட்கார்ந்து பேச வேண்டும். ஒரே படம், ஒரே ஆள், விலை மட்டும் பத்து மடங்கு ஏறும், இறங்கும். போலார் பேர் சிகரெட்டே அல்ல, பையில் வந்த உதிரிப் புகையிலை. அதனால் அந்தக் கார்டுகளில் புகையிலைக் கறை இருப்பது வழக்கம். கறையைக் குறை என்று சொல்லி விலை பேசினால் எதிரே இருப்பவர் சிரிப்பார்.

இந்த ‘டி-206’ என்ற பெயரை வைத்தவர் ஜெஃபர்சன் பர்டிக், சிரக்யூஸ்காரர். இருபதாம் நூற்றாண்டுப் புகையிலைக் கார்டுக்கு ‘டி’ (T), பத்தொன்பதாம் நூற்றாண்டுடையதற்கு ‘என்’ (N) என்று இந்தக் காட்டுக்கே வழி போட்டவர். மூட்டுவாதத்தில் விரல்கள் முடங்கிக்கொண்டிருக்க, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுத்தாள்களை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் முடித்தார், மார்ச்சில் இறந்தார். ஒட்டினார் என்றால் பசை வைத்து. யார் வெளியிட்டது என்பதை வைத்து உலகத்தையே வகைபிரித்த மனிதர், பெரும்பாலான கார்டுகளின் பின்பக்கத்தைத் தன் கையாலேயே ஆல்பத் தாளுக்குள் புதைத்துவிட்டார். இதைச் சொன்னால் சேகரிப்பாளர்கள் பல்லைக் கடிப்பார்கள். எனக்குக் கோபம் வருவதில்லை. அந்த விரல்களை நினைத்தால் வராது.

ஆனால் உங்கள்மேல் வருகிறது, உங்கள் விரல்கள் நன்றாகத்தானே இருக்கின்றன. அடுத்த தடவை மேசையில் இப்படிச் செய்யுங்கள். டீலரைக் கேட்டுவிட்டுக் கார்டை நீளப் பக்கங்களில் பிடித்துத் தூக்குங்கள். கண்ணாடிமேல் இழுக்காதீர்கள், மூலை தட்டும். நேராக மேசைக்கு மேலேயே வைத்துத் திருப்புங்கள், விழுந்தால் தரையில் விழக்கூடாது. சின்ன டார்ச்சைப் பக்கவாட்டில், கார்டின் தளத்தோடு கிட்டத்தட்டப் படுக்கிற மாதிரி அடியுங்கள். நேர்வெளிச்சத்தில் தெரியாத மடிப்பும், அழித்த பென்சில் எழுத்தின் பள்ளமும் அப்போதுதான் எழுந்து நிற்கும். ஆட்டக்காரர் டீம் மாறியதும் பையன்கள் பழைய டீமை அடித்துப் புது டீமை எழுதுவார்கள். யாரோ பின்னாளில் ரப்பர் போட்டிருப்பார். ரப்பர் பென்சிலை அழிக்கும், பள்ளத்தை அழிக்காது.

அடுத்து, பின்னால் தாள் உரிந்திருக்கிறதா பாருங்கள். ஆல்பத்தில் ஒட்டிப் பிய்த்த கார்டுகளில் நாணயம் அளவுக்கு மேல்தாள் போயிருக்கும். முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தரநிர்ணயத்தில் பத்துக்கு 1 அல்லது அதற்குப் பக்கத்தில் விழும். வைத்துக்கொள்ள வாங்குகிறவனுக்கு இதுதான் லாபம். முகம் பளிச்சென்று, பின்னால் கொஞ்சம் உரிந்த கார்டு பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். டாப்ஸில் சூயிங்கம் கறையும் மெழுகுக் கறையும் வரும். முன்பக்கத்து மெழுகைப் பழைய நைலான் காலுறையால் மெல்லத் தேய்த்தால் போய்விடும். பின்பக்கம் சொரசொரப்பானது, அங்கே தேய்த்தால் அச்சும் சேர்ந்து வரும், விட்டுவிடுங்கள்.

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். டி-206-ன் கீழே இருக்கும் பெயர் எழுத்து திட மையாக இருக்க வேண்டும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது போட்டோ எடுத்து அச்சடித்த நகல். புற ஊதா டார்ச் அடித்தால் பழைய தாள் மங்கலாகவே இருக்கும். வெள்ளைச் சட்டை பளிச்சிடுவதுபோல நீல வெண்மையில் ஒளிர்ந்தால் தாள் புதுசு. அரிய விளம்பரம் உள்ள பின்பக்கம் மலிவாகக் கிடைக்கிறதென்றால் கார்டின் விளிம்பை லென்ஸில் பாருங்கள். சிதைந்த கார்டிலிருந்து உரித்த முதுகை நல்ல முகத்தோடு ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். விளிம்பில் ஒரு கோடு ஓடும், தடிமனும் சரியாக இருக்காது.

இந்த விளிம்பைத்தான் சீலிட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் சரியாகப் பார்க்க முடியாது. அரங்கில் இன்று பாதிக்கு மேல் பெட்டிகள்தான். பெட்டியில் தர எண் இருக்கிறது, எண் போதும் என்று எல்லோருக்கும் ஆகிவிட்டது. பிஎஸ்ஏ நிறுவனம் 1991-ல் முதன்முதலாகத் தரம் கொடுத்து அடைத்த கார்டு எது தெரியுமா? ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவர் அணியின் முதலாளி புரூஸ் மெக்னாலும் சேர்ந்து சதபீஸ் ஏலத்தில் 4,51,000 டாலருக்கு வாங்கிய, ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் டி-206. கொடுத்த தரம் 8. அதன் ஓரங்களை வெட்டியதாக, முன்பு அதை வைத்திருந்த பில் மாஸ்ட்ரோ 2013-ல் நீதிமன்ற வழக்கில் ஒப்புக்கொண்டார். முதல் பெட்டிக்குள்ளேயே வெட்டிய கார்டு. சந்தேகப்பட்டவர்கள் பல வருடம் முன்பே சந்தேகப்பட்டார்கள், அவர்கள் பேச்சில் பின்பக்கமும் உண்டு. கிடைத்திருக்கும் வாக்னர்களில் பெரும்பாலானவற்றின் முதுகில் ஸ்வீட் கேபரல். இதன் முதுகில் பீட்மான்ட். எப்படி வந்தது, அச்சுத்தாளிலிருந்து யாராவது கையால் வெட்டி எடுத்ததா என்ற கேள்வியே அங்கிருந்துதான்.

டீலர் முகத்துக்கு நேரே போனை நீட்டி "நெட்டில் இவ்வளவுதான் போகிறது" என்றும் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேளுங்கள். மூன்று கார்டைச் சேர்த்து வைத்து, ரொக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "சேர்த்து என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்பதுதான் அங்கே பேசுகிற முறை. ஞாயிறு மதியத்துக்கு மேல் கேட்டால் இன்னும் இறங்குவார்கள், பெட்டிகளை வண்டியில் ஏற்ற யாருக்கும் ஆசையில்லை.

ரோஸ்மாண்ட் கேட்டீர்கள். போங்கள், நல்ல செருப்போடு.

இனி உங்கள் 1/16 அங்குலம். டி-206-ன் அளவு அகலம் 1 7/16, உயரம் 2 5/8 அங்குலம். குறைவது எதில் என்று நீங்கள் எழுதவில்லை. அமெரிக்கன் பியூட்டி சிகரெட் ஒல்லியான பெட்டியில் வந்தது. அதற்காக அந்தக் கார்டுகளைப் பொதுவாகக் கொஞ்சம் ஒடுக்கமாகவே வெட்டினார்கள். அகலம் குறைந்து, முதுகில் அமெரிக்கன் பியூட்டி இருந்தால் உங்கள் கார்டு தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரியே இருக்கிறது. பீட்மான்டோ ஸ்வீட் கேபரலோ இருந்தால், அல்லது உயரம் குறைந்தால், லென்ஸை விளிம்பில் வையுங்கள். மூலை மழுங்கி விளிம்பு மட்டும் பளீரென்று வெள்ளையாக, அல்லது நடுவில் லேசாக உள்வாங்கி இருந்தால் வெட்டு. அப்போதும் சண்டை வேண்டாம், கார்டையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு அடுத்த ஷோவில் அவர் மேசைக்குப் போங்கள். பெயருள்ள டீலர் திருப்பி எடுத்துக்கொள்வார்.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் முதலில் காட்டுங்கள். முகம் கீழே இருக்கிற மாதிரி வைத்துக் கொடுங்கள்.